ரப்பர் தோட்டத்துக்கு ஆசிட்: எந்த வண்டியில், எந்தக் கேனில், எவ்வளவு வீரியத்தில்?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, திருவட்டாறு பக்கம் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் எல்லோருக்கும் ஃபார்மிக் ஆசிட் வேண்டும். அதைத் தோட்டத்துக்கு அருகே கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பெரும்பாலும் சின்னக் கடைக்காரர்கள், இல்லையென்றால் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள். அவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. ஆயிரம் லிட்டர் ஐபிசி டேங்காக வாங்கி ஊரில் பிரித்து ஊற்றலாம். 35 கிலோ கேன்களைச் சொந்தக் குட்டி யானையில் போய் ஏற்றி வரலாம். பார்சல் லாரியில் போட்டுவிடச் சொல்லலாம். விற்பவரின் வண்டியிலேயே கடை வாசலில் இறக்கச் சொல்லலாம்.

கிலோ விலையை மட்டும் பார்த்தால் ஐபிசி டேங்க்தான் ஜெயிக்கும். அதோடு இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: ஆலையிலிருந்து தோட்டத்தில் பால் உறையவைக்கும் டிஷ் வரை அந்த ஆசிட்டின் மூடி எத்தனை தடவை திறக்கப்படுகிறது? மூடியும் வாஷரும் சரியாக இருந்து, நிமிர்த்திக் கட்டிய கேன் வண்டியில் பேசாமல் நிற்கும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. நான்கு வழிகளையும் இந்த அளவுகோலை வைத்தே எடைபோடுகிறோம்.

85 என்ற எண்

சந்தையில் அதிகம் ஓடுவது 85 சதவீத ஆசிட். 90, 94, 98 என்று கூடுதல் வீரியத்திலும் கிடைக்கும். "அதே கேன், அதே வண்டி வாடகை, உள்ளே சரக்கு அதிகம்" என்று விற்பவர் சொல்வார். கணக்கு சரிதான். 35 கிலோ கேனில் 85 சதவீதம் என்றால் சுத்த ஆசிட் 29.75 கிலோ, 94 சதவீதம் என்றால் 32.9 கிலோ. பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் லாபம்.

ஆனால் 85-ஐத் தாண்டியதும் சரக்கின் வகையே மாறிவிடுகிறது. ஐ.நா. பட்டியலில் 10 முதல் 85 சதவீதம் வரையிலான ஃபார்மிக் ஆசிட்டுக்கு எண் 3412. வகுப்பு 8, அதாவது அரிக்கும் பொருள், பேக்கிங் குரூப் 2 (ஆபத்தின் அளவு: 1 மிக அதிகம், 3 குறைவு). 85-க்கு மேல் போனால் எண் 1779. வகுப்பு 8 அப்படியே இருக்க, தீப்பற்றும் திரவத்துக்கான வகுப்பு 3 துணை ஆபத்தாகச் சேர்ந்துகொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆபத்து உள்ள பொதியில் ஒவ்வோர் ஆபத்துக்கும் தனி லேபிள் ஒட்ட வேண்டும் என்பது நம் மோட்டார் வாகன விதி. 90 சதவீதத்தைத் தொட்டால் தோலைப் புண்ணாக்கும் வேகமும் ஒரு படி ஏறுகிறது. இதற்கும் மேலே, வீரியம் கூடிய ஃபார்மிக் ஆசிட் தானாகவே மெல்ல மெல்ல கார்பன் மோனாக்சைடாகவும் தண்ணீராகவும் பிரியும். சூடு ஏறினால் வேகம் கூடும். காற்றுப் போக வழியில்லாத மூடி போட்ட கேன் உப்புவது இதனால்தான். பங்குனி, சித்திரை வெயிலில் தார்பாய்க்கு அடியில் கிடக்கும் கேனுக்கு இது சாதாரணம்.

பாலில் ஊற்றும்போது எப்படியும் பல மடங்கு தண்ணீர் கலந்துதான் ஊற்றப்போகிறோம். அப்படியிருக்க, வழியில் மட்டும் கூடுதல் வீரியத்தைச் சுமந்து வருவதில் என்ன லாபம்? ஷீட் அடிப்பவருக்கு 85 போதும். இதற்குமேல் இந்தக் கட்டுரையில் ஆசிட் என்றால் அந்த 85 சதவீதச் சரக்குதான்.

ஐபிசி டேங்க்: மலிவு, ஆனால் யாருக்கு?

கம்பிக் கூண்டுக்குள் பிளாஸ்டிக் தொட்டி, அடியில் மரத்தட்டு, கீழே ஒரு வால்வு. இதுதான் ஐபிசி. ஆசிட்டின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ, ஆயிரம் லிட்டர் பிடித்தால் 1,200 கிலோ, டேங்கின் எடையும் சேர்த்தால் ஒன்றேகால் டன்னைத் தாண்டும். குட்டி யானை தாங்காது, ஒன்றரை டன் பிக்கப் வேண்டும். இறக்குவதற்கு ஃபோர்க்லிஃப்ட் வேண்டும். நம் கடைகளில் அது ஏது? பலகையைச் சாய்த்து, கயிறு கட்டி, நாலு பேர் பிடித்துச் சறுக்கவிடும் வேலை ஒன்றேகால் டன் ஆசிட்டுக்கு ஆகாது. கூண்டின் அடிக்கம்பி வளைந்து வால்வின் கழுத்து உடைந்தால் முழுத் தொட்டியும் அந்த வழியே போகும். நிறுத்த எதுவும் இல்லை.

இறக்கி வைத்த பிறகும் செலவு உண்டு. டேங்குக்கு அடியில் அதன் கொள்ளளவில் 110 சதவீதம், அதாவது 1,100 லிட்டர் பிடிக்கும் ஆசிட் தாங்கும் தொட்டி கட்ட வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சை ஃபார்மிக் ஆசிட் தின்றுவிடும். மேலே எபாக்சி பூச்சோ பிளாஸ்டிக் விரிப்போ தேவை. வால்வு வாஷரையும் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல், எண்ணெய் வேலைக்குப் பேர்போன விட்டான் வாஷர் ஃபார்மிக் ஆசிட்டில் ஊறி உப்பி, சொட்டத் தொடங்கும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) வாஷர் தாங்கும். டேங்க் காலியாகும் வரை அந்த வால்வு நூறு தடவைக்கு மேல் திறந்து மூடப்படும். மூடிக் கணக்கில் மிக மோசமானது இதுதான்.

சொந்தமாகப் பெரிய புகைப்புரை வைத்து, டேங்கிலிருந்து குழாய் வழியே நேராக நீர்க்கும் தொட்டிக்கு இழுக்கும் இடம் என்றால் ஐபிசி சரி. அங்கே ஊற்றிக்கொடுக்கும் வேலையே இல்லை. சில்லறை விற்கும் கடைக்கு வேண்டாம்.

பழைய டேங்க் வாங்கிப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கூண்டில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். 31ஹெச்ஏ1 என்று தொடங்கும் குறியில் பேக்கிங் குரூப்பைச் சொல்லும் எழுத்து ஒய் ஆக இருக்க வேண்டும். இசட் என்று இருந்தால் அது குரூப் 3 சரக்குக்கு மட்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் அதிலேயே இருக்கும். ஆபத்தான சரக்குக்குப் பிளாஸ்டிக் டேங்கின் ஆயுள் 5 ஆண்டு, இரண்டரை ஆண்டுக்கு ஒரு சோதனை. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். மிச்சமிருந்த கந்தக ஆசிட்டில் ஃபார்மிக் ஆசிட் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிளீச்சிங் திரவம் இருந்த டேங்க் என்றால் குளோரின் வாயு.

சொந்தக் குட்டி யானை

35 கிலோ கேனில் ஏறக்குறைய 29 லிட்டர். முக்கால் டன் இழுக்கும் குட்டி யானையில் 20 கேன் ஏற்றினால் ஆசிட் மட்டும் 700 கிலோ. காலிக் கேனின் எடையும் சேர்ந்தால் வண்டி நிறைந்துவிடும். தட்டில் இடம் இன்னும் இருக்கும், 20 கேனும் ஒரே அடுக்கில் தாராளமாக நிற்கும். ஆகவே அடுக்கின் மேல் அடுக்கு வைக்க வேண்டிய தேவையே வராது. எடைக்கு வேறு சரக்கு ஏற்றாவிட்டால் இதுதான் இந்த வண்டியின் நல்ல குணம்.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்பதால், "எல்லை தாண்டினாலும் எனக்கு ஒன்றும் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். பெர்மிட்டுக்கு அது பொருந்தும், ஆசிட்டுக்குப் பொருந்தாது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை உள்ளவை, எந்த ஆபத்தான சரக்கை ஏற்றும் சரக்கு வண்டிக்கும் என்றுதான் பேசுகின்றன. அவை கேட்பவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம்.

வண்டியில் வகுப்பு லேபிள் வேண்டும். வகுப்பு 8-க்கு மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு. இரண்டு குழாய்களிலிருந்து சொட்டும் திரவம் கையையும் உலோகத்தையும் அரிக்கும் படம். இதோடு அவசரத் தகவல் பலகை மூன்று இடத்தில் வேண்டும்: இரண்டு பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும். அதில் சரக்கின் சரியான பெயர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், வகுப்பு எண் 100 மில்லிமீட்டர் உயரத்தில், லேபிள் 250 மில்லிமீட்டர் சதுரத்தில், அவசர உதவி எண்களும் அனுப்புபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சைலன்ஸரில் ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறி தடுப்பான்), வண்டியில் டேக்கோகிராஃப் (வேகத்தையும் ஓடிய நேரத்தையும் பதியும் கருவி), முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புக் கருவிகள். டிரைவர் கேபினில் ட்ரெம் கார்டு, அதாவது அந்த ஆசிட் கொட்டினால், தீப்பிடித்தால், மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற தாள். அதை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. டிரைவர் படித்துப் புரிந்திருக்கிறாரா என்று பார்ப்பது வண்டி உரிமையாளரின் பொறுப்பு.

டிரைவர் பக்கம் பார்த்தால், விதி 9-ன்படி ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தான சரக்குக்கான 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் அந்தப் பதிவு 3 ஆண்டு செல்லும், முன்பு ஓராண்டுதான்.

இத்தனையும் இல்லாமல் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(3): முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அடுத்த தடவை 20,000 ரூபாய் அல்லது 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவருக்கும் இது உண்டு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம், விபத்து நடந்து, டிரைவரின் லைசென்ஸில் அந்தப் பதிவு இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது ஒன்றே போதும்.

ஆகவே மாதம் ஒரு லோடு, இரண்டு லோடு எடுக்கும் கடை இதற்கென்று வண்டியையும் டிரைவரையும் தயார் செய்வது கட்டுப்படியாகாது. சங்கம் ஒன்று பத்துப் பதினைந்து கிராமத்துக்கு வாராவாரம் விநியோகிக்கிறது என்றால் கட்டுப்படியாகும். அதற்கு ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு டிரைவர் என்று ஒதுக்கிவிடுங்கள். இன்றைக்கு ஆசிட், நாளைக்குக் கோழித் தீவனம் என்று மாற்றி ஓட்டும் வண்டியில் லேபிளைக் கழற்ற மறப்பதும் மாட்ட மறப்பதும் நடந்துகொண்டே இருக்கும்.

பார்சல் லாரி

வேண்டாம். காரணம் நீளமானதல்ல. பார்சல் ஆபீசில் "ரப்பர் கெமிக்கல்" என்றோ "கிளீனிங் லிக்விட்" என்றோ எழுதிப் போடுவார்கள். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு ஆபத்தானதா என்பதை அனுப்புபவர் ஃபார்வர்டிங் நோட்டிலேயே (சரக்கை ஒப்படைக்கும் தாள்) எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறைத்து எழுதினால் கேனுக்கு மேல் என்ன அடுக்குகிறார்கள், பக்கத்தில் என்ன வைக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மேலே இரும்புச் சாமான், பக்கத்தில் அரிசி மூட்டை, அதற்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் பிளீச்சிங் திரவம். உள்ளதை உள்ளபடி எழுதினால் பெரும்பாலான பார்சல்காரர்கள் எடுக்கவே மாட்டார்கள். அவர்கள் செய்வது சரி.

விற்பவர் வண்டியில் கடை வாசல் வரை

கிலோவுக்குச் சற்றே விலை கூடும். ஆனால் சீல் உடையாத கேன், பதிவுள்ள டிரைவர், பலகை மாட்டிய வண்டி. மாதம் 40 கேனுக்குள் எடுக்கும் கடைக்கு இதையே பரிந்துரைப்போம். கடைக்கு மிஞ்சுவது இறக்குவதும் வைப்பதும்தான்.

வாங்குபவர் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். வண்டி வந்து நின்றதும் மூன்று பக்கப் பலகையையும் பாருங்கள். கேனின் அடியிலோ தோளிலோ பதிந்திருக்கும் குறியைப் படியுங்கள்: 3ஹெச்1 என்றால் மூடி மட்டும் திறக்கும் பிளாஸ்டிக் கேன், அடுத்து ஒய் அல்லது எக்ஸ், அதையடுத்த எண் 1.2-க்குக் குறையக் கூடாது, அது தாங்கும் அடர்த்தி. தயாரித்த ஆண்டிலிருந்து 5 ஆண்டு கடந்த கேனைத் திருப்பி அனுப்புங்கள். மஞ்சளாகி, கைப்பிடிக்கு அடியில் மயிரிழை விரிசல் விட்ட கேன்கள் மறுசுழற்சியில் திரும்பத் திரும்ப வருகின்றன. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தாலோ மூக்கைக் குத்தும் நெடி அடித்தாலோ வாஷர் போய்விட்டது என்று பொருள்.

கொச்சியிலிருந்தா, திருநெல்வேலியிலிருந்தா?

எல்லையோரக் கடைகளுக்கு இந்தத் தேர்வும் உண்டு. ஜிஎஸ்டி பதிவுள்ளவருக்கு வரியில் பெரிய வித்தியாசம் இல்லை. கேரளத்திலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி, இங்கேயே வாங்கினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு பாதியாக, எப்படியும் கிரெடிட் கிடைக்கும். இ-வே பில் வரம்புதான் வேறு: மாநிலம் தாண்டும் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல். வண்டி வழியில் பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் இ-வே பில்லின் பகுதி பி-யில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். அந்த மாற்று வண்டிக்கும் பலகையும் பதிவுள்ள டிரைவரும் வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வராது.

பாதையை வைத்துப் பார்த்தால், கொச்சி வழி வருபவர்களுக்குக் கழக்கூட்டம் முதல் காரோடு வரை புறவழிச்சாலை இருப்பதால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசலைத் தவிர்க்கலாம். களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் நெரிசல் மட்டும் தப்பாது. பள்ளி விடும் நேரத்தில் அங்கே வராதபடி புறப்படுவதே புத்தி. திருநெல்வேலி வழி வருபவர்களுக்குக் காவல்கிணறு வரை நான்கு வழிச்சாலை, பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்று தார்பாயைப் பிய்த்து எடுக்கும். தார்பாயின் கயிற்றைக் கேனின் மூடிக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்தால், அது அறைந்து அறைந்தே மூடியைத் தளர்த்திவிடும். கயிறு கேனின் தோளில்தான் உட்கார வேண்டும். தார்பாய்க்குத் தனிக் கயிறு.

எங்கள் கணிப்பில், ஒரே விலை என்றால் திருநெல்வேலி வழி மேல். பேரூர்கள் குறைவு, ஒரே மாநிலத்துக் காகிதம். கொச்சி வழிதான் என்றால் ட்ரெம் கார்டு தமிழோடு மலையாளத்திலும் இருக்கட்டும். பாறசாலையில் வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடி வருபவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் போகலாம்.

ஏற்றும் முறை

திறந்த உடல் வண்டி மேல். அடைத்த கன்டெய்னரில் நெடி தங்கும், கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். தட்டில் ஆணி, கம்பி முனை எதுவும் இருக்கக் கூடாது. இரும்புத் தட்டை ஆசிட் அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் அடியில் ரப்பர் பாய், அதன்மேல் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு. கேன்கள் நிமிர்ந்தே நிற்க வேண்டும். காற்றுப் போகும் மூடி உள்ள கேனைப் படுக்க வைத்தால் அந்த வழியே கசியும். சுற்றிலும் இடைவெளியில் மரச்சட்டமோ பழைய டயரோ கொடுத்து அசையாமல் செய்யுங்கள். தட்டில் ஆள் உட்காரக் கூடாது. "கேனைப் பிடித்துக்கொண்டு வர ஒரு பையன்" என்ற வழக்கத்தை அடியோடு விடுங்கள்.

கூட ஏற்றக் கூடாதவை இந்தத் தொழிலிலேயே இருக்கின்றன. ரப்பர் பால் கெடாமல் இருக்கப் போடும் அமோனியா கேனும் ஆசிட் கேனும் ஒரே கடையில் விற்பதால் ஒரே வண்டியில் வருவது வழக்கம். இரண்டும் கசிந்து சேர்ந்தால் சூடும் வெள்ளைப் புகையும் கிளம்பும், டிரைவர் கண்ணைத் திறக்க முடியாது. பேட்டரிக்கான கந்தக ஆசிட், பிளீச்சிங் பவுடர், ஹைப்போ (பிளீச்சிங் திரவம்), நைட்ரிக் ஆசிட், பெராக்சைடு எதுவும் கூடாது. கால்நடைத் தீவனமும் சாப்பாட்டுச் சாமானும் கூடாது.

கேபினில் நியோபிரீன் அல்லது பியூட்டைல் கையுறை (ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை நிமிடத்தில் ஊறிவிடும்), முகம் மறைக்கும் கவசம், கம்பூட்ஸ். பேன்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் பூட்ஸே ஆசிட் தொட்டியாகிவிடும். இரண்டு 20 லிட்டர் கேன் நல்ல தண்ணீர். 15 நிமிடம் கழுவ அது போதாது. ஆனால் அடுத்த குழாயடி போய்ச் சேரும் வரை கண்ணைக் காப்பாற்றும். ஒரு மூட்டை உலர்ந்த மணல், 10 கிலோ சோடா ஆஷ் (சலவைச் சோடா), பவுடர் தீயணைப்பான்.

கசிந்தால்

ஆட்களைக் காற்றுக்கு எதிர்த்திசையில் 50 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். 112-ஐ அழையுங்கள், தீயணைப்புத் துறைக்கு 101. சிறிய கசிவென்றால் முதலில் மணலால் வரப்புக் கட்டி ஓடைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். கோதையாற்றுக் கால்வாய்களின் ஓரமாகவே பாதி ரோடு போகிறது, ஊர் குளிப்பதும் அதில்தான். தண்ணீரை ஊற்றிக் கால்வாய்க்குள் தள்ளிவிடும் வேலை கூடாது. மணலில் உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சோடா ஆஷ் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும், அடங்கிய பிறகு மேலும் தூவுங்கள். கையில் உள்ள 10 கிலோ சோடா ஆஷ் ஏறக்குறைய 10 கிலோ ஆசிட்டைத்தான் அடக்கும். முழுக் கேன் கொட்டினால் 34 கிலோ வேண்டும், அல்லது நீற்றிய சுண்ணாம்பு 24 கிலோ. நீற்றாத சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் கொதித்துத் தெறிக்கும். மரத்தூள் பற்றிக்கொள்ளும் பொருள், அதுவும் வேண்டாம்.

மேலே பட்டால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். கண்ணென்றால் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் 108 வண்டியில் ஏற்ற வேண்டும். உடம்பின் மேல் சோடாவோ சுண்ணாம்போ பூசக் கூடாது. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விபத்தென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு டிரைவர் உடனே சொல்ல வேண்டும் என்பதும் விதிதான்.

கடையிலிருந்து தோட்டத்துக்கு

பெரிய லாரியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பலவீனமான கண்ணி கடைசி ஐந்து கிலோமீட்டர்தான். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் 5 லிட்டர் ஆசிட் கேன், இரண்டு முட்டிக்கு நடுவே. மழை பெய்த மலைப்பாதையில் வண்டி சறுக்கினால் ஆசிட் கொட்டுவது தொடையில். சிலர் பையில் வைத்துப் பஸ்ஸில் ஏறுகிறார்கள், சிலர் குழித்துறையிலோ இரணியலிலோ ரயில் ஏறுகிறார்கள். ஆபத்தான பொருளை முறையில்லாமல் ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் பிரிவு 164-ன்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே நேர்ந்த நஷ்டமும் தலையில்.

இங்கே ஒப்பிட வேண்டியது வண்டியை அல்ல, வீரியத்தை. ஐ.நா. பட்டியலில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேக்கிங் குரூப் 3; 5 சதவீதத்துக்கும் கீழே போனால் பட்டியலிலேயே இல்லை. 1 கிலோ ஆசிட்டை 18 லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஏறக்குறைய 4.5 சதவீதம். அதாவது ஒரு 20 லிட்டர் கேனில் அடங்குவது 1 கிலோ சொச்சம் 85 சதவீத ஆசிட். தினமும் சில ஷீட் அடிக்கும் சிறு விவசாயிக்கு இந்தக் கேன் போதும். ஆட்டோவிலும் எடுத்துப் போகலாம், கொட்டினால் கழுவிவிடலாம். கண்ணையும் தோலையும் இதுவும் எரிக்கும், ஆகவே லேபிளும் மூடியும் இதற்கும் வேண்டும். கடைக்காரருக்கு ஊற்றும் வேலை கூடுகிறதே என்றால், ஆம், கூடுகிறது. ஆனால் அது பதினைந்து தோட்டத்தில் பதினைந்து பேர் வெறுங்கையோடு செய்வதை, கவசம் போட்ட ஒருவர் ஒரே இடத்தில் செய்வதாக மாற்றுகிறது. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கேனைத் தூக்கிச் சாய்க்காமல் கைப்பம்பு வைத்து எடுங்கள். காற்றோட்டமான திறந்த கொட்டகையில் செய்யுங்கள்.

மாதம் ஒரு முழுக் கேன் தேவைப்படும் தோட்டத்துக்குச் சீல் உடைக்காத 35 கிலோ கேனைச் சங்கத்தின் வண்டியே கொண்டுபோய் இறக்கட்டும். சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான்: மாதம் 5 கிலோ வேண்டுபவர். 4.5 சதவீதமாக நீர்த்தால் அவருக்கு 95 கிலோ சுமை; 9 சதவீதமாக என்றால் 47 கிலோ, ஆனால் வகுப்பு 8 லேபிள் ஒட்டிக்கொண்டே வரும். இவர்களுக்கு வாரம் ஒரு 20 லிட்டர் நீர்த்த கேன், காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் முறையே நடைமுறைக்கு ஒத்துவரும்.

85 சதவீதத்தைச் சில்லறையாக ஊற்றிக் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், குடிதண்ணீர் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் ஊற்ற மறுத்துவிடுங்கள். தண்ணீர்போல நிறமில்லாதது, தாகத்தில் ஒரு மடக்கு போதும், உணவுக்குழாய் வெந்துவிடும். தடித்த எச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டில், குழந்தை திறக்க முடியாத மூடி, தமிழிலும் மலையாளத்திலும் பெயர், வீரியம், ஊற்றிய தேதி. பாட்டிலை 95 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். தோட்டத்துக் கொட்டகையில் அமோனியா ஒரு மூலையிலும் ஆசிட் எதிர் மூலையிலும், இரண்டும் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.